ஏழாம் மாதமும் எட்டாம் மாதப் பிள்ளையும்



சில நாள்களுக்கு முன் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில், முதற்குழந்தையை எதிர்பார்த்திருக்கும் இளம் ஆசிரியை ஒருவருக்கு வளையல் அணிவித்து வாழ்த்தினோம். கருவுற்று 28ஆம் வாரம். சந்தனமும் குங்குமமும் மணக்க, எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் மேசையை நிறைத்திருந்தன. கூட்டம் கலைந்தபின் அவர் என்னிடம், "டீச்சர், இனிமேல் என்னென்ன எதிர்பார்க்கலாம்?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "ஏழாம் மாசம் பொறந்தாலும் தாங்கும். எட்டாம் மாசம் மட்டும் பொறக்கக் கூடாதும்மா" என்றார். இளம் ஆசிரியையின் முகம் வாடிவிட்டது.

அந்தச் சொற்கள் எனக்குப் புதியவை அல்ல. என் பாட்டியும் அதையேதான் சொல்வார். பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர் அவர். 1940ஆம் ஆண்டையொட்டி, தம் முதற்குழந்தையை எட்டாம் மாதத்தில் பறிகொடுத்தவர். அதைப் பற்றிக் கேட்டால், "எட்டாம் மாசப் பிள்ளை தங்காது தாயி" என்ற ஒரு வரியோடு பேச்சை முடித்துக்கொள்வார். சிறு வயதில் அதை நான் ஓர் அறிவுரையாகவே கேட்டு வளர்ந்தேன். அது உண்மைதானா, எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியது பிற்காலத்தில்தான். அந்தத் தேடலில் கிடைத்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பத்து மாதமா, ஒன்பது மாதமா?

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். "பத்து மாதம் சுமந்து பெற்றவள்" என்று நாம் தாயைப் போற்றுகிறோம். மருத்துவரோ ஒன்பது மாதம் என்கிறார். இருவரும் சொல்வது சரியே. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் பேறுகாலம் ஏறத்தாழ 280 நாள், அதாவது 40 வாரம். 28 நாளை ஒரு மாதமாகக் கொண்டால் அது சரியாகப் பத்து மாதம். நாள்காட்டி மாதமாகக் கொண்டால் ஒன்பது மாதமும் சில நாள்களும். மருத்துவ உலகில் இக்கணக்குச் செருமானிய மருத்துவர் நேகலே (1778–1851) பெயரால் வழங்குகிறது.

பேறுகாலத்தை மூன்றாகப் பகுத்தால், மூன்றாம் பகுதி 28ஆம் வாரத்தில் தொடங்குகிறது. நாள்காட்டிப்படி அது ஏழாம் மாதத்தின் தொடக்கத்தை ஒட்டி வருகிறது. 28 நாள் மாதமாக எண்ணினால் ஏழு மாதம் நிறையும் இடம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஏழு என்ற எண் இங்கே வந்து நிற்பதைக் காணலாம். வளைகாப்பு பெரும்பாலும் ஏழாம் மாதத்தில் நடப்பதையும், மருத்துவர்கள் 28ஆம் வாரத்தை ஒரு கட்டமாகக் கொள்வதையும் பார்த்து, "நம் முன்னோர் அறிவியலை அன்றே அறிந்திருந்தனர்" என்று மேடைகளில் முழங்குவோர் உளர். நான் அவ்வளவு தூரம் செல்வதில்லை. வயிறு நன்கு தெரியத் தொடங்கும் காலம், கரு நிலைத்துவிட்டது என்ற நம்பிக்கை பிறக்கும் காலம் அது. அதை உணர நுண்ணோக்கி வேண்டியதில்லை. பெண்களின் பட்டறிவே போதும்.

நம் இலக்கியத்திலும் அந்தப் பட்டறிவுக்குச் சான்று உண்டு. குறுந்தொகையின் 287ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் சுமந்து மெல்ல நகரும் கார்மேகத்தைச் சூல் முதிர்ந்த மகளிரோடு ஒப்பிடுகிறார். நடக்க இயலாத தளர்ச்சியும் புளியின்மேல் எழும் வேட்கையும் அதில் இடம்பெறுகின்றன. ஒரு பெண்பாற்புலவர் கண்டு எழுதிய மூன்றாம் பகுதியின் இயல்புகள் இவை என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

எட்டாம் மாதக் குழந்தையின் கதை

எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்ற நம்பிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. பழங்கிரேக்கத்தில் இப்போகிரட்டீசு என்னும் மருத்துவர் பெயரால் வழங்கும் நூல்தொகுதியில், எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றியே தனி நூல் ஒன்று உள்ளது. ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்பதே அதன் கருத்து. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுந்த இக்கருத்து, ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் நெடுங்காலம் உலவியது.

இதில் வியப்பு என்னவென்றால், அக்காலத்திலேயே ஒருவர் இதன் ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். அரிஸ்டாட்டில், எகிப்தில் எட்டாம் மாதக் குழந்தைகள் பிழைத்து வளர்வதாக எழுதினார். கிரேக்கத்தில் அப்படி ஒரு குழந்தை பிழைத்துவிட்டால், "இது எட்டாம் மாதக் குழந்தையாக இராது, தாய்தான் மாதத்தைத் தவறாக எண்ணிவிட்டாள்" என்று மக்கள் கருதிக்கொள்வார்கள் என்றும் குறிப்பிட்டார். பிழைத்த குழந்தைகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் எஞ்சுபவை இறந்த குழந்தைகள் மட்டுமே அல்லவா? நம்பிக்கை எவ்வாறு தன்னைத்தானே காத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

உண்மை இதற்கு நேர்மாறானது. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமை சேர்க்கிறது. 28ஆம் வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள குழந்தை, அடுத்த 12 வாரங்களில் ஏறத்தாழ மூன்று கிலோவாகிறது. எட்டாம் மாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஏழாம் மாதத்தில் பிறக்கும் குழந்தையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஒருபோதும் குறைவு அன்று.

அப்படியானால் என் பாட்டியின் குழந்தை ஏன் இறந்தது? அவருடைய ஏழாம் மாதம் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை அறிந்தால்தான் அதற்கு விடை தேட முடியும்.

தோட்டத்தில் ஏழாம் மாதம்

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். முதற்பேற்றைத் தாய் பார்த்துக்கொள்வாள். ஆனால் கப்பலேறி மலாயாவுக்கு வந்த முதல் தலைமுறைப் பெண்களுக்குத் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. ஆகவே லயத்தில் அடுத்த வீட்டுப் பெண்மணியே தாயானாள். வளையலும் அவளே இட்டாள், பேறும் அவளே பார்த்தாள். என் பாட்டிக்கும் அப்படித்தான் நடந்தது.

விடியும் முன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பெயர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் நுழைந்தால், குனிந்தும் நிமிர்ந்தும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவ வேண்டும். பின்னர்த் தோளில் கம்பு வைத்து, இருபுறமும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்து வர வேண்டும். ஏழாம் மாதம் என்று யாரும் வேலையைக் குறைக்கவில்லை என்று பாட்டி சொல்வார். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை.

அதைவிடக் கொடியது காய்ச்சல். 1897இல் ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்து அந்த நகரையும் துறைமுகத்தையும் காய்ச்சலிலிருந்து மீட்டார். ஆயினும் மலைச்சரிவுத் தோட்டங்களில் நிலைமை வேறு. ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டியதும், நிழலில் ஓடிய சிற்றோடைகள்மேல் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் பெருகும் ஒருவகைக் கொசுவே அங்கு மலேரியாவைப் பரப்பியது. தோட்டத்தைத் திறந்த கோடரியே நோய்க்கும் கதவைத் திறந்துவிட்டது.

மலேரியா கருவுற்ற பெண்ணைத்தான் கடுமையாகத் தாக்கும். அதுவும் முதற்பேறு என்றால் ஆபத்து அதிகம். இரத்தம் குறையும், நஞ்சுக்கொடி பாதிக்கப்படும், குழந்தை எடை குறைந்தோ காலத்துக்கு முன்போ பிறக்கும். அத்துடன் கொக்கிப்புழுவும் சேர்ந்துகொண்டது. கழிவறை இல்லாத இடத்தில் வெறுங்காலோடு நடப்பவரின் தோல்வழியாக உடலில் நுழைந்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் புழு அது.

மூன்றாம் பகுதியில் தாயின் உடலில் இரத்த நீரின் அளவு ஏறத்தாழ பாதி அளவு கூடுகிறது. குழந்தை தனக்கு வேண்டிய இரும்புச்சத்தில் பெரும்பகுதியைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்வதும் இந்த மூன்று மாதங்களில்தான். ஏற்கெனவே மலேரியாவாலும் புழுவாலும் வெளுத்துப்போன உடல், இந்தச் சுமையைத் தாங்குவது எப்படி? ஏழாம் மாதத்திற்குப்பின் மூச்சு வாங்கி, முகம் வெளுத்து, கண் இருண்டு விழுந்த பெண்களைப் பாட்டி பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. நாம் இன்று பணியாற்றும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. தோட்டத்துப் பெண்களுக்குப் பேறுகால உதவித்தொகை வழங்க இடமளித்ததும் அதே சட்டம்தான். நாம் பள்ளியை நினைவில் வைத்திருக்கிறோம். தாயை மறந்துவிட்டோம்.

பம்பாயில் ஒரு பெண் மருத்துவர்

இதே காலத்தில், கருவுற்ற இந்தியப் பெண்கள் ஏன் வெளுத்துச் சாகிறார்கள் என்ற கேள்வியோடு 1928இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்தார் லூசி வில்ஸ் (1888–1964). ஆலைத் தொழிலாளிப் பெண்களின் வீடுகளையும் உணவையும் ஆராய்ந்தார். நீலகிரியில் உள்ள குன்னூரிலும் அவருடைய ஆய்வு நடந்தது. கிருமி எதுவும் சிக்கவில்லை. ஏழைப் பெண்களின் உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்பது மட்டும் புலப்பட்டது.

அந்தக் குறையை நிரப்பியது எது தெரியுமா? நம் நாட்டுக் கடைகளில் இன்றும் கருநிறப் புட்டியில் விற்கும் மார்மைட்! நொதியத்திலிருந்து செய்யப்படும் அந்தக் கூழை முதலில் குரங்குகளுக்கும் பின்னர் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். வெளுத்திருந்த பெண்கள் தேறினர். 1931இல் இதை வெளியிட்டார். மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் எது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. வில்ஸ் காரணி என்றே அழைத்தனர். 1941இல் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்த அறிஞர்கள், இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வில்ஸ் தேடியதும் இதுவே என்று பின்னர்த் தெளிவாயிற்று. 1940களின் நடுவில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ். இன்று கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் விழுங்கும் சிறு மாத்திரையின் வரலாறு இது.

ஆண்டுகளைக் கவனியுங்கள். கண்டுபிடிப்பு வெளியானது 1931இல். என் பாட்டி கருவுற்றிருந்தது 1940ஆம் ஆண்டையொட்டி. இடையில் ஒன்பது ஆண்டுகள். அறிவு பிறந்துவிட்டது. அது பம்பாயிலிருந்து பேராக் லயத்துக்கு வந்து சேரவில்லை.

28ஆம் வாரம் ஒரு கட்டமான கதை

பேறுகாலத்தில் நோய் வந்தபின் மருத்துவம் பார்ப்பதே பழைய முறை. நலமாக இருக்கும் தாயையும் இடையிடையே பரிசோதிக்க வேண்டும் என்பது 20ஆம் நூற்றாண்டின் எண்ணம். 1901இல் எடின்பரோ மருத்துவர் பாலன்டைன் இதற்காகக் குரல் கொடுத்தார். அதற்கு வேண்டிய கருவிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வலிப்பு கண்ட தாய்மாரின் சிறுநீரில் புரதம் இருப்பதை 1843இல் இலண்டன் மருத்துவர் லீவர் கண்டார். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் ஊதுகொம்பு போன்ற கருவியை 1895இல் பிரான்சின் பினார் உருவாக்கினார். 1896இல் இத்தாலியின் ரிவா ரோச்சி, கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் அளக்கும் கருவியைத் தந்தார்.

1929இல் இங்கிலாந்தின் சுகாதார அமைச்சு ஒரு குறிப்பாணையை வெளியிட்டது. அதன் பின்னணியில் இருந்தவர் ஜேனட் கேம்பல் என்னும் பெண் மருத்துவர். தாய்மார் 16ஆம் வாரத்தில் வர வேண்டும், பிறகு 24ஆம் வாரத்திலும் 28ஆம் வாரத்திலும் வர வேண்டும். அதன்பின் 36ஆம் வாரம்வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், கடைசியில் வாரந்தோறும் வர வேண்டும். 28க்குப் பிறகு சந்திப்புகள் நெருங்கி வருவதைக் காணலாம். இரத்த அழுத்தமும் வலிப்பும் தலைகாட்டும் காலம் அதுவே என்பதால் அமைந்த ஏற்பாடு இது. இந்த அட்டவணைதான் உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது. 2002இல் உலகச் சுகாதார நிறுவனம் நான்கு சந்திப்புகள் போதும் என்று குறைத்துப் பார்த்தது. குழந்தை இறப்பு கூடுவதற்கான சான்றுகள் கிடைத்தபின், 2016இல் குறைந்தது எட்டு என்று உயர்த்தியது. அவற்றுள் ஐந்து, 30ஆம் வாரத்திலும் அதற்குப் பின்னும் வருகின்றன.

அதே காலத்தில் சட்டமும் 28ஆம் வாரத்தை ஓர் எல்லையாகக் கொண்டது. 28 வாரத்துக்குப்பின் உயிரின்றிப் பிறக்கும் குழந்தையைப் பதிவு செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தில் 1926இல் சட்டம் வந்தது. 1992இல் அந்த எல்லை 24ஆக இறங்கியது. மருத்துவம் முன்னேற முன்னேற, குழந்தை பிழைக்கக்கூடிய வாரமும் பின்னோக்கி நகர்ந்தது என்பதே இதன் பொருள்.

அந்த முன்னேற்றம் எப்படி நிகழ்ந்தது? 1880ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் மருத்துவர் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துக் குறைமாதக் குழந்தைக்கு வெப்பப்பெட்டி அமைத்தார். 1959இல் அமெரிக்காவின் மேரி எலன் ஏவரி, இக்குழந்தைகளின் நுரையீரல் ஏன் விரிவதில்லை என்பதைக் கண்டறிந்தார். நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு பொருள் போதிய அளவு சுரக்காததே காரணம். 1972இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி ஆகிய இருவரும், காலத்துக்கு முன் பேறு நேரும் நிலையிலுள்ள தாய்க்கு ஓர் ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிரும் என்று காட்டினர். 1980இல் ஜப்பானின் புஜிவாரா, அந்தப் பொருளையே குழந்தையின் நுரையீரலுக்குள் செலுத்திக் காப்பாற்றினார். இன்று வசதியுள்ள மருத்துவமனையில், 28 வாரத்தில் பிறக்கும் குழந்தைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைக்கின்றன. எட்டாம் மாதக் குழந்தைகள் அதைவிட அதிகமாகவே பிழைக்கின்றன.

நம் நாடு கடந்து வந்த தொலைவு

1950களில் கெடாவின் ஜித்ராவில் கிராமச் சுகாதாரப் பயிற்சிக்கூடம் தொடங்கியது. அங்கும் பிற இடங்களிலும் பயின்ற தாதிகள் கிராமந்தோறும் சென்றனர். பழைய மருத்துவச்சிகளைப் பகைத்து ஒதுக்காமல், அவர்களையும் பயிற்றுவித்துப் பதிவு செய்தனர். 1966இல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. 1989இல் ஆபத்தின் அளவுக்கேற்பத் தாய்மாரின் புத்தகத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று நிறம் ஒட்டும் முறை தொடங்கியது. 1991 முதல், பேறுகாலத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் இறப்பையும் தனித்தனியே ஆராய்ந்து காரணம் காணும் முறையும் நடைமுறைக்கு வந்தது.

விளைவு என்ன? விடுதலை பெற்ற 1957இல், ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தனர். 2010களில் அது 30க்கும் கீழே இறங்கியிருந்தது. கோவிட் பெருந்தொற்று உச்சத்தில் இருந்த 2021இல் மீண்டும் ஏறியது. பெற்ற நலம் தானாக நிலைத்திருப்பதில்லை, காத்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த ஓராண்டு நினைவூட்டியது.

வேலைச் சட்டமும் மாறியுள்ளது. நெடுங்காலம் 60 நாளாக இருந்த தனியார் துறைப் பேறுகால விடுப்பு, 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து 98 நாளாயிற்று. தந்தைக்கும் ஏழு நாள் விடுப்பு கிடைத்தது. எனினும் இந்த விடுப்பைப் பேற்றுக்கு 30 நாளுக்கு முன்னதாகத் தொடங்க இயலாது. ஆகவே ஏழாம் மாதமும் எட்டாம் மாதமும் இன்றும் பெரும்பாலான பெண்களுக்கு வேலை மாதங்களே.

இளம் ஆசிரியைக்கு நான் சொன்ன விடை

இத்தனையும் சொன்னபின், அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் மருத்துவர் அல்லேன். கிளினிக்கில் சொல்வதை நினைவூட்டுவது மட்டுமே என் வேலை.

கருப்பை மேலெழும்புவதால் மூச்சு வாங்கும், நெஞ்செரியும், இரவில் பலமுறை எழ நேரும். வயிறு அவ்வப்போது இறுகித் தளரும். 1872இல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்பவர் விளக்கிய இந்த ஒத்திகை இறுக்கம், ஒழுங்கின்றி வந்து தானே அடங்கிவிடும். மாலையில் கணுக்கால் சற்று வீங்குவதும் பெரும்பாலோர்க்கு இயல்பு. படுக்கும்போது மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

இரத்தம் மீண்டும் பரிசோதிக்கப்படும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பயன் குறையும், தண்ணீரோடு விழுங்குங்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பானம் குடிக்கச் சொல்லி இரத்தச் சர்க்கரையை அளப்பார்கள். இந்திய வம்சாவளியினருக்குப் பேறுகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். வளைகாப்பு முடிந்து வீடு வீடாக விருந்துண்ணும்போதும் இதை மனத்தில் கொள்ளுங்கள்.

குழந்தையின் அசைவைக் கவனியுங்கள். 1976இல் கார்டிஃப் நகரில் பியர்சன், வீவர் ஆகிய மருத்துவர்கள் பத்து அசைவுகளை எண்ணும் முறையைக் கொண்டுவந்தனர். அட்டவணை எதுவாயினும், வழக்கத்தைவிட அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மறுநாள்வரை காத்திராமல் உடனே செல்ல வேண்டும். கடுந்தலைவலி, கண் மங்கல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், மேல்வயிற்று வலி, இரத்தப்போக்கு, நீர் கசிவு, காய்ச்சல், 37 வாரத்துக்கு முன் ஒழுங்காக வரும் வலி ஆகிய எதுவும் "இந்த மாதத்தில் இப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. அக்காலத்தில் வலிப்பு கண்ட பெண்ணைப் பேய் பிடித்ததாகச் சொல்லி வேப்பிலை அடித்தார்கள் என்று பாட்டி கூறக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேயின் பெயர் இரத்த அழுத்தம்.

ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் ஒன்று உண்டு. 28ஆம் வாரத்துக்குப்பின் குழந்தை ஒலிக்குத் தவறாமல் எதிர்வினை காட்டுவதை 1983இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. கடைசி ஆறு வாரங்களில் தாய் நாள்தோறும் படித்த கதையைப் பிறந்த குழந்தை அடையாளம் கண்டுகொண்டதை 1986இல் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் ஆகியோர் கண்டனர். தாய்மொழியின் முதல் வகுப்பு மூன்றாம் பகுதியில் தொடங்கிவிடுகிறது. ஆகவே அவரிடம், "நாள்தோறும் உரக்கத் தமிழ் படியுங்கள்" என்றேன். சிரித்தார்.

முடிவாக

என் பாட்டியின் குழந்தை எதனால் இறந்தது என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. பதிவு இல்லை, பரிசோதனை இல்லை. ஆனால் அந்தக் காலத்து லயத்தில் மலேரியாவும் இரத்தச்சோகையும் ஓயாத வேலையும் இருந்தன என்பது தெரியும். எட்டாம் மாதம் என்பது அந்த மரணத்தின் நாள் மட்டுமே. அதன் காரணம் அன்று. "எட்டாம் மாசப் பிள்ளை தங்காது" என்பது, காரணத்தைச் சொல்ல யாரும் இல்லாத இடத்தில் ஒரு தாய் தனக்குச் சொல்லிக்கொண்ட ஆறுதல். தன் தவறன்று, விதி என்று எண்ணிக்கொள்ள அவருக்கு அது உதவியது. அதற்காக நான் அவரைக் குறை கூற மாட்டேன். ஆனால் அதே சொல்லை இன்னொரு பெண்ணிடம் அறிவுரையாகச் சொல்வது அவளை அச்சுறுத்தும். அதைவிட மோசமாக, எட்டாம் மாதத்தில் வலி கண்டால் "எப்படியும் தங்காது" என்று மருத்துவமனைக்கு விரையாமல் இருக்கச் செய்யும்.

பாத்திரம் கழுவிய மூதாட்டியிடமும் இதைப் பேசினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அம்மாவுக்கும் ஒண்ணு அப்படிப் போச்சும்மா" என்றார். மறுநாள் இளம் ஆசிரியைக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தார்.

பெற்றோர்களே, வளைகாப்பை விட்டுவிடாதீர்கள். ஒரு பெண்ணைச் சுற்றி நின்று, உன்னைக் கவனிக்க நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லும் அருமையான நாள் அது. ஆனால் வளையல் அடுக்கிய அதே கையில் அடுத்த வாரம் இரத்த அழுத்தப் பட்டையும் ஏறட்டும். கணவன்மார் ஒருநாள் விடுப்பெடுத்துக் கிளினிக்குக்கு உடன் செல்லட்டும். ஆசிரிய நண்பர்களே, நம் பள்ளிகளில் ஏழாம் மாதத்து ஆசிரியைக்கு மாடி வகுப்பைக் கீழே மாற்றித் தருவதும், காலைக் கூட்டத்தில் ஒரு நாற்காலி போடுவதும் பெரிய செலவன்று. எங்கள் பள்ளியில் நாற்காலி போட்டுவிட்டோம்.

உங்கள் பாட்டிமாரிடமும் கேட்டுப் பாருங்கள். பெயர் வைக்கும் முன் போய்விட்ட பிள்ளைகளின் கதை பல வீடுகளில் இருக்கும். அதையும் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை